கொண்டுவிற்கப் போதல்: செட்டிநாட்டுப் பிள்ளைகளின் மூன்று வருஷப் பயணம்

நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்) குடும்பங்களில் ஆண்பிள்ளைக்கு மீசை அரும்பும் முன்பே அவனைக் கடல் கடந்த ஊர் ஒன்றின் வட்டிக்கடைக்கு வேலை பழக அனுப்புவது, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இரண்டாம் உலகப் போர் வரை நிலைத்திருந்த வழக்கம். இதைக் கொண்டுவிற்கப் போதல் என்று சொன்னார்கள். ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, சைகோன், மேடான் என்று போன இடம் எதுவானாலும் முறை பெரும்பாலும் ஒன்றே. மூன்று ஆண்டுகள் அக்கரையில் வேலை. கெடு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர். கொஞ்ச காலம் வீட்டில் இருந்த பிறகு மறுபடியும் பயணம். பழகிய வாசலை விட்டுக் கிளம்பினால்தான் பிள்ளை தேறுவான் என்ற எண்ணம் உலகில் பல இடங்களில் உண்டு. நகரத்தார் அதை ஒவ்வொருவரின் துணிச்சலுக்கும் விட்டுவிடவில்லை. எந்த வயதில், எவ்வளவு காலம், யார் கண்பார்வையில், என்ன துணையோடு போக வேண்டும் என்பதையெல்லாம் சமூகமே வகுத்து வைத்திருந்தது. அந்த ஏற்பாடுதான் இம்மரபின் பலம். அதன் எல்லையும் அதுவே.

நாடும் தேவையும்

செட்டிநாடு என்று இன்று அழைக்கப்படும் பகுதி சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கிறது. காரைக்குடியும் தேவகோட்டையும் அதன் பெரிய ஊர்கள். நகரத்தார் ஊர்கள் 96 என்பது மரபுக் கணக்கு. இன்று 70க்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்து குடியேறியவர்கள் என்பது இச்சமூகத்தின் வழிவழிச் செய்தி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களின் பிரிவுகளாக அவர்கள் பகுக்கப்பட்டிருக்கிறார்கள்.

மண் செம்மண், பெரிய ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாய் நிறையும், பொய்த்தால் வயல் தரிசாகும். வேளாண்மையை மட்டும் நம்பி வணிகக் குடி வளர முடியாத பூமி இது. கொள்முதலும் விற்பனையும் ஊருக்கு வெளியேதான் நடந்தாக வேண்டும் என்ற நிலை, கடல் கடக்கும் காலத்துக்கு வெகு முன்பே இவர்களைப் பயணிகளாக்கியிருந்தது.

நகரத்தார் வணிகத்துக்குக் கிடைக்கும் பழைய ஆவணச் சான்றுகளில் முக்கியமானவை பழனியோடு தொடர்புடைய அறப்பட்டயங்கள். 17ஆம் நூற்றாண்டில் குமரப்பன் என்ற வணிகர் பழனிக்கு உப்புக் கொண்டுபோய் விற்றதையும், வருமானத்தில் ஒரு பங்கை மகமையாக முருகனுக்கு ஒதுக்கியதையும் அவை தெரிவிக்கின்றன. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துபோகும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. வணிகமும் வழிபாடும் ஒரே பாதையில் சென்றதும், போகிற இடத்தில் கோயிலை நடுவாக வைத்துக் கூட்டாக இயங்கியதும் பின்னாளில் கடல் கடந்த ஊர்களிலும் அப்படியே தொடர்ந்தன.

உப்புச் சாலையிலிருந்து கப்பல் துறைக்கு

கடலுக்கு அப்பால் முதலில் கால் ஊன்றிய இடங்களில் ஒன்று இலங்கை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொழும்பில் அரிசி வணிகத்திலும் கடன் கொடுப்பதிலும் நகரத்தார் இருந்தார்கள். காப்பித் தோட்டங்கள் பெருகியபோது வெள்ளைக்கார வங்கிகளுக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே பணம் புரட்டித் தருபவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் கடை வைத்த வீதி செட்டியார் தெரு என்றே பெயர் பெற்றது. அங்குள்ள கதிரேசன் கோயில்கள் அக்காலத்தின் எச்சங்கள்.

அடுத்தது மலாயாவும் பர்மாவும். முதல் ஆங்கிலேய–பர்மியப் போர் 1826இல் முடிந்து தெனாசரிம் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. 1852இல் நடந்த இரண்டாம் போருக்குப் பின் ரங்கூனும் கீழ்ப் பர்மாவும் சேர்ந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. ஐராவதி கழிமுகத்தின் காடுகளை வெட்டி வயலாக்க பர்மிய உழவர்கள் தெற்கே இறங்கினார்கள். ஏருக்கும் மாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் முன்பணம் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார வங்கிகள் உழவருக்கு நேரடியாகக் கடன் தரவில்லை. அந்த இடைவெளியில் நகரத்தார் நுழைந்தார்கள்.

வளர்ச்சி வேகமாக இருந்தது. 1929–30இல் பர்மா மாகாண வங்கித் தொழில் விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மாவில் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட முதலீடு 65 கோடி முதல் 75 கோடி ரூபாய் வரை மதிப்பிடப்பட்டது. ரங்கூனின் மொகல் தெருவில் பெரிய கடைகள் இருந்தன. மற்றவை ஆற்றங்கரைச் சிற்றூர்கள் வரை பரவியிருந்தன. மக்கள் நிறைந்த கீழ்ப் பர்மாவில் எந்த உழவரும் ஒரு நாள் பயணத்தில் ஒரு செட்டியார் கடையை அடையலாம் என்று அந்தக் குழு குறிப்பிட்டது.

இத்தனை கடைகளுக்கும் ஆள் வேண்டும். முதலாளி காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார்; பணம் பர்மாவின் பியாப்போனிலோ பசீனிலோ இருக்கும். கடையை நம்பி ஒப்படைக்கக்கூடிய, கணக்குத் தெரிந்த, அந்நிய மொழி பேசத் தயங்காத இளைஞர்களை இடைவிடாமல் உருவாக்காமல் இந்த வணிகம் ஓராண்டுகூட நடந்திருக்காது. கொண்டுவிற்கப் போகும் வழக்கம் ஒரு பயிற்சி முறையாக இறுகியதற்கு இதுவே காரணம்.

புறப்படுவதற்கு முன்

பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். முழு எண்ணோடு நிற்காமல், காலும் அரையும் மாகாணியும் காணியும், முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு வரைக்கும் வாய்பாடு இருந்தது. காகிதத்தில் எழுதிப் போடாமல் மனத்திலேயே வட்டி கணக்கிடும் திறமை அதிலிருந்து வந்தது. ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்ததும் உள்ளூர்க் கடையில் உட்கார்த்தி வைப்பார்கள். எது வரவு, எது செலவு, எதை எந்த ஏட்டில் எழுதுவது என்ற பழக்கம் அங்கே கிடைக்கும்.

குடும்ப அமைப்பும் இதற்குத் துணை நின்றது. திருமணமான மகனைப் பெற்றோர் அதே வீட்டுக்குள் வேறு வைப்பார்கள். கொத்துக் கொத்தாக அறைகள் கொண்ட பெரிய வீட்டில் ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று படி. கூரை ஒன்று, வரவுசெலவு வேறு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டு, கோயில் வரியில் தன் பங்கைத் தானே செலுத்தினான். இளம் வயதிலேயே சொந்தக் கணக்குக்குப் பொறுப்பேற்க வேண்டிய இந்த ஒழுங்கில் வளர்ந்தவனுக்கு, அயலூரில் பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்பது முற்றிலும் புதிய பாரமாக இருக்கவில்லை.

பயணம் நிச்சயமானால் நல்ல நாள் பார்ப்பார்கள். பையன் குலதெய்வத்தையும் ஊர்ப் பிள்ளையாரையும் வணங்கி, பெரியவர்களிடம் விழுந்து கும்பிட்டுச் சொல்லிக்கொள்வான். அதன் பிறகு மாட்டு வண்டியும், பிற்காலத்தில் ரயிலும். இலங்கைக்குத் தொண்டி போன்ற துறைகளிலிருந்து தோணி போயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. பர்மாவுக்குச் சென்னையிலிருந்தும், மலாயாவுக்குச் சென்னை, நாகப்பட்டினம் வழியாகவும் நீராவிக் கப்பல்கள் ஓடின. 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களில் பெயர் பெற்றது. சிறுவன் தனியே போவது அரிது. விடுமுறை முடிந்து திரும்பும் மேலாளோ (கடைப் பொறுப்பாளர்) உறவினரோ உடன் போவார்கள்.

பெட்டியடிப் பையன்

கடையில் புதிதாக வந்து சேரும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பல கடைகள் சேர்ந்து கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில் இயங்கின. இரு சுவர்களையும் ஒட்டி வரிசையாகத் தரையில் ஒவ்வொரு கடைக்கும் ஓர் இடம். அந்த இடத்தில் ஒரு பாய், சாய்வான மூடி வைத்த தாழ்வான மரப்பெட்டி, பின்னால் இரும்புப்பெட்டி, ஏடுகள் அடுக்கிய அலமாரி, முழுக்கடையும் அவ்வளவுதான். மேலாள் இடுப்பில் வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறுமாகப் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். லட்சக்கணக்கில் கடன் கேட்டு வருகிறவரும் அந்தப் பாயில்தான் உட்கார வேண்டும். இரவில் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லாரும் அங்கேயே படுத்தார்கள். சமையல் பொது.

பையனின் நாள் விடியும் முன் தொடங்கியது. கூடத்தைப் பெருக்கி, பெட்டிகளைத் துடைத்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, மேலாளுக்கு வேண்டியதை எடுத்து வைப்பது முதல் வேலை. பகலில் வங்கிக்கும் தபாலாபீசுக்கும் கடன்காரர் வீட்டுக்கும் நடை. நாணயத்தைச் சுண்டி ஓசையைக் கேட்டே கள்ள நாணயத்தைப் பிரித்தெடுக்கப் பழக வேண்டும். ஓய்ந்த நேரத்தில், சிட்டையில் அன்றன்று எழுதியதைப் பேரேட்டில் ஆள் வாரியாகப் பெயர்த்து எழுதுவான். மாலையில் கையிருப்பும் ஏடும் ஒத்துவர வேண்டும். ஓர் அணா பிசகினாலும் பிழையைக் கண்டுபிடித்த பிறகுதான் பெட்டியைப் பூட்டுவார்கள்.

வேலையைவிடக் கடினமானது பேச்சு. பர்மாவில் வாடிக்கையாளர் பேசுவது பர்மிய மொழி; மலாயாவில் மலாயும் சீனமும்; சைகோனில் வியட்நாமிய மொழியும் பிரெஞ்சு அலுவலகக் காகிதங்களும். இதற்கென்று பள்ளிக்கூடமோ பாடப்புத்தகமோ இல்லை. சந்தையில் சாமான் வாங்கியும், வசூலுக்குப் போய் வாசலில் நின்றும், வசவு வாங்கியும்தான் கற்றுக்கொண்டார்கள். எதிரே நிற்பவர் நாணயமானவரா, கடனைத் திருப்பித் தரும் வசதி உள்ளவரா என்பதை முகம் பார்த்து எடைபோடும் பழக்கமும் அப்படித்தான் வந்தது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று மேலாள் முடிவெடுக்கும்போது பையன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். வாய் திறக்க அனுமதி இல்லாத அந்த ஆண்டுகளே அவனுடைய உண்மையான பாடசாலை.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் பெரும்பாலும் இதே தொடக்கம்தான். சொந்தக் கடை இருக்கும்போதும் மகனை உறவினர் கடையில் வேலை பழக வைத்தவர்கள் இருந்தார்கள். அப்பனின் கடையில் முதலாளி மகனாகிவிடுவான், அடுத்தவர் கடையில்தான் வேலைக்காரனாக இருப்பான் என்பது அதன் நியாயம். முருகப்பா குழும நிறுவனரான பள்ளத்தூர் அ. மு. முருகப்பச் செட்டியார் 1898இல் 14 வயதில் பர்மாவில் உறவினர் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்.

ஏணியும் கெடுவும்

பெட்டியடியிலிருந்து அடுத்தாள், அடுத்தாளிலிருந்து மேலாள் என்று ஏணி இருந்தது. மேலாளை ஏஜெண்டு என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு படியும் சம்பளச் சீட்டு என்னும் ஒப்பந்தத்தால் கட்டப்பட்டது. மூன்று ஆண்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியை முன்பணமாக ஊரில் குடும்பத்திடம் கொடுப்பார்கள். சாப்பாடு, தங்குமிடம், பயணச் செலவு கடையின் பொறுப்பு. மேலாளுக்கு லாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கலாம்.

மேலாளுக்கு முதலாளி பவர் எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். கடையின் விலாசத்தில், அதாவது முதலாளி குடும்பத்தின் தலைப்பெழுத்துகளில், கையெழுத்திட்டுப் பணம் வாங்கவும் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இருபது சொச்சம் வயதான ஒருவர் ஆயிரம் மைலுக்கு அப்பால், யாரையும் கேட்காமல், பெருந்தொகைக்குக் கடன் முடிவு செய்தார். தபால் கப்பல்தோறும் நடப்பை எழுதி அனுப்ப வேண்டும் என்பதும், கெடு முடிவில் ஐந்தொகை எடுத்து ஒப்படைக்க வேண்டும் என்பதும்தான் முதலாளியின் பிடி. புதிய மேலாள் வந்து ஒவ்வொரு கடனையும் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பிறகே பழையவர் கப்பல் ஏறினார்.

மூன்று ஆண்டு என்ற அளவுக்குத் தொழில்ரீதியான காரணமும் இருந்தது. ஆள் மாறும்போது கணக்கு முழுவதும் மற்றொருவர் கண்ணில் படும். மோசடி இருந்தால் வெளிவந்துவிடும். ஒருவரே நிலையாக உட்கார்ந்து தனிச் செல்வாக்கு வளர்த்துக்கொள்ளவும் வழியில்லை. ஊரில் இருந்த மாதங்களில் குடும்பச் சடங்கு, கோயில் காரியம், அடுத்த வேலைக்கான பேச்சு எல்லாம் முடியும். ஏஜெண்டாக இரண்டு மூன்று தடவை போய்வந்தவர், சேர்த்த பணத்தைப் பெரிய கடைகளில் வட்டிக்குப் போட்டு, கடனும் வாங்கிச் சொந்தக் கடை வைப்பார். அப்போது அவர் தம் பங்குக்குச் சில பையன்களை ஊரிலிருந்து வரவழைப்பார். பயிற்சி பெற்றவரே பயிற்சி கொடுப்பவராக மாறியதால், தனி நிறுவனம் எதுவும் இல்லாமலே மரபு தலைமுறைதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

அயலூரில் ஒரு சொந்த ஊர்

இவ்வளவு பெரிய பிரிவைச் சிறுவர்கள் தாங்கியதற்குக் காரணம், போன இடத்தில் நகரத்தார் கட்டி வைத்திருந்த ஊர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 1850களின் பிற்பகுதியிலேயே தண்டாயுதபாணி கோயில்கள் எழுந்தன. சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயிலின் குடமுழுக்கு 1859இல் நடந்தது. ரங்கூன், மௌல்மீன், சைகோன் என்று கடை வைத்த ஊரிலெல்லாம் முருகன் கோயில் வந்தது. பழனிக்குப் போன உப்பு வணிகரைப் போலவே இவர்களும் வரவில் ஒரு பங்கை மகமையாகக் கோயிலுக்குச் செலுத்தினார்கள்.

கோயில் வழிபாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மாதந்தோறும் கடைக்காரர்கள் அங்கே கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு அந்த மாத நடப்பு வட்டி என்ன என்பதை நிர்ணயித்தார்கள். கடைகளுக்கிடையே வந்த வழக்குகளைப் பெரும்பாலும் அங்கேயே பேசித் தீர்த்தார்கள். நோய்வாய்ப்பட்டவனுக்கும் வேலை போனவனுக்கும் விடுதியில் இடமும் சோறும் கிடைத்தன. உள்நாட்டிலும் இதே முறை உண்டு. காசியில் 1863இல் தொடங்கிய நகரச் சத்திரம் அதற்குச் சான்று.

தவறு செய்தால் அதே வலைப்பின்னல் தண்டனையாகவும் மாறியது. ரங்கூனில் பணத்தைக் கையாடியவன் பெயர் அடுத்த தபாலிலேயே செட்டிநாட்டுக்கு வந்துவிடும். வேறு கடையில் வேலையோ நல்ல இடத்தில் பெண்ணோ கிடைக்காது. பதினான்கு வயதுப் பையனை அறியாத ஊருக்கு அனுப்பப் பெற்றோருக்குத் தைரியம் தந்ததும், அவனிடம் இரும்புப்பெட்டிச் சாவியைக் கொடுக்க முதலாளிக்குத் தைரியம் தந்ததும் இந்த இரட்டைப் பிணைப்பே.

வீட்டில் இருந்தவர்கள்

பெண்கள் பொதுவாக உடன் போகவில்லை. கல்யாணமான சில மாதங்களிலேயே கணவன் கப்பல் ஏறுவதும், குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகே தகப்பன் முகத்தைப் பார்ப்பதும் செட்டிநாட்டில் சாதாரணம். ஆண்கள் இல்லாத ஆண்டுகளில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிகள் எனப்படும் அந்தப் பெண்கள். நெல் வரவு, வேலைக்காரர் கூலி, வீடு கட்டும் செலவு, பிள்ளைகளின் படிப்பு, சீர்வரிசை என்று எல்லாவற்றுக்கும் அவர்களே கணக்கு வைத்தார்கள். தம் சீதனப் பணத்தை வட்டிக்குக் கொடுத்துத் தனியே பெருக்கியவர்களும் உண்டு. பயணம் ஆணுக்குப் புதிய ஊரைக் காட்டியதென்றால், அவனுடைய இன்மை பெண்ணுக்குப் புதிய பொறுப்பைக் கொடுத்தது. அந்தப் பொறுப்பு ஊர் எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தது என்பதும் உண்மை.

போனவர்கள் அனுப்பியவை வீட்டைத் தேடி வந்தன. பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி இவற்றோடு, பர்மாவின் அரக்குப் பூசிய மரவைகளும் வந்தன. பர்மாவிலிருந்து வந்த கவுணி அரிசி இன்றும் செட்டிநாட்டு விருந்தில் இனிப்பாகப் பரிமாறப்படுகிறது.

மரபின் மறுபக்கம்

பயிற்சி பெற்ற இளைஞன் அயலூர் மொழியைக் கற்றான், அங்குள்ளவர்களோடு நாள்தோறும் பழகினான். ஆனால் அங்கே வேர்விட அவனுக்கு நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. மூன்றாம் ஆண்டில் திரும்பியாக வேண்டும்; பெண்டு பிள்ளைகள் ஊரில்; சேமிப்பு போய்ச் சேரும் இடமும் ஊர். புதுமைக்குப் பழக்கிய அதே ஏற்பாடு, கிட்டங்கிக்கும் கோயிலுக்கும் வெளியே அவன் வாழ்க்கை நீளாமலும் பார்த்துக்கொண்டது. பர்மியர் பார்வையில் செட்டியார் கடை என்பது ஆள் மாறிக்கொண்டே இருக்கும், பணத்தை மட்டும் கேட்கும் வெளியார் இடம்.

இந்த இடைவெளி 1930களில் விரிசலாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. உழவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கடன்காரர் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தின் 6 சதவீதம் நகரத்தார் வசம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதம். அவர்களுக்குத் தேவைப்பட்டது பணம். உழத் தெரியாத நிலம் கைக்கு வந்தது சுமையே. ஆனால் தன் தாத்தா காடு வெட்டி உருவாக்கிய வயலில் குத்தகைக்காரனாக நின்ற உழவனுக்கு அந்த விளக்கத்தால் பயனில்லை. 1930இல் வெடித்த சாயா சான் உழவர் கிளர்ச்சியும், இந்தியருக்கு எதிராக 1938இல் நடந்த கலவரமும் கசப்பின் அளவைக் காட்டின.

சிலர் முன்கூட்டியே உணர்ந்தார்கள். முருகப்பச் செட்டியார் குடும்பம் போருக்கு முன்பே மூலதனத்தைப் படிப்படியாக இந்தியாவுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. பெரும்பாலானோர் அப்படிச் செய்யவில்லை. பணம் நிலமாக உறைந்துபோயிருந்தது. விற்க நினைத்தாலும் வாங்க ஆள் இல்லை.

1942உம் அதன் பின்னும்

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் போக, மற்ற இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையும் காடும் கடந்து நடந்தார்கள். வெளியேறிய இந்தியர்கள் 4 முதல் 5 லட்சம் வரை என்று மதிப்பிடப்படுகிறது. வழியில் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கடைகள் பூட்டியபடி கிடந்தன. மலாயாவிலும் சுமத்ராவிலும் இருந்தவர்கள் ஜப்பானிய ஆட்சி முடியும் வரை ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள்.

விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரங்கள் செட்டிநாட்டில் இருந்தன; நிலம் திரும்பவில்லை; ஈட்டுத் தொகையும் பேரளவுக்கே. 1962இல் படைத்தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததை அடுத்து எஞ்சிய வணிகமும் நாட்டுடைமையாயிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வட்டித் தொழில் சிறிது காலம் தொடர்ந்தாலும், புதிய சட்டங்களும் குடியேற்றக் கட்டுப்பாடுகளும் ஊரிலிருந்து பையன்களை வரவழைப்பதை நிறுத்திவிட்டன. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970களின் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டன.

செல்வத்தில் பெரும்பகுதி போனது, பயிற்சி போகவில்லை. ம. சித. ம. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்று ஊர்களிலும் திறக்கப்பட்டது. கிட்டங்கியில் வளர்ந்த நம்பிக்கைக் கணக்கை நவீன வங்கியாக மாற்றிய முயற்சி அது. முருகப்பா குடும்பம் 1949இல் சென்னையில் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார், வட்டிக்கடை வழியில் போகாமல் இங்கிலாந்தில் சட்டம் படித்து, விமானம் ஓட்டப் பழகி, ஈட்டிய பொருளைக் காரைக்குடியில் 1947 முதல் கல்லூரிகளாக்கினார்.

எழுத்திலும் இந்தப் பயணங்கள் பலன் தந்தன. அதே கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் ரங்கூனில் தனவணிகன் இதழின் ஆசிரியராக இருந்தவர். அங்கிருந்து டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய் ஒளிப்படக் கலை கற்றார். பிறகு உலகின் பல பகுதிகளில் சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் நகரத்தார் அல்லர். அதே வட்டிக்கடை மரபில் 1938இல் 18 வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனவர். அந்தக் கடைகளின் உள்வாழ்க்கை, போர்க்கால அலைச்சல், ஊருக்குத் திரும்பும் ஏக்கம் எல்லாம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய அவருடைய இரண்டு நாவல்களில் பதிவாகியிருக்கின்றன.

சுதந்திரத்துக்குப் பின் செட்டிநாட்டுப் பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வெளியூர் போனார்கள். பள்ளிக்கூடமும் கல்லூரியும் நிறுவனங்களும் பெட்டியடிப் பயிற்சியின் இடத்தைப் பிடித்தன. சம்பளச் சீட்டும் மூன்று வருஷக் கெடுவும் ஆவணங்களாகிவிட்டன. பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு ஆகிய ஊர்களில் நகரத்தார் கட்டிய கோயில்களில் வழிபாடு நடந்துவருகிறது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் இன்றும் ஊர்வலம் போகிறது.